மதீனாவின் தோட்டமும் அண்டை வீட்டின் அடுப்பும்



கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுவாரம், நம் மதரஸாவின் பெண்கள் வகுப்பில் திரைக்குப் பின்னிருந்து ஒரு சகோதரி கேட்டார்: "ஹஜ்ரத், குர்பானி இறைச்சியை மூன்று நாளைக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது என்று எங்கள் நன்னி சொல்வார்கள். இப்போது எல்லார் வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதே, வைத்துக்கொள்ளலாமா?"

வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்கு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த மூதாட்டியின் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மதீனா நகரத்து மக்கள் அண்டை அயலாருக்கு உணவாதாரமாக நின்ற வரலாறு அது. அதை அறிந்தால்தான், எந்தச் சேமிப்பு நமக்குப் பரக்கத்தாக அமையும், எந்தச் சேமிப்பு நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்பது விளங்கும்.

உழைப்பு அவர்களுடையது, மரம் இவர்களுடையது

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் ஹிஜ்ரத் செய்து வந்து சேர்ந்த ஊர், மக்காவைப் போன்றதன்று. மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. அதன் மக்கள் வணிகர்கள். மதீனாவோ எரிமலைக் கருங்கற் பரப்புகளுக்கு நடுவே அமைந்த பசுஞ்சோலை. கிணறுகள் இருந்தன; ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்தனர்; பேரீச்ச மரங்களும் வாற்கோதுமை வயல்களும் அவ்வூராரின் வாழ்வாதாரமாக இருந்தன.

வீடு, வாசல், வணிகம் அனைத்தையும் விட்டுவந்த முஹாஜிர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு ஒரே நாளில் அன்சாரிகளின் தோள்களில் ஏறியது. அவர்கள் தயங்கவில்லை. தங்கள் பேரீச்சந் தோட்டங்களைத் தங்களுக்கும் முஹாஜிர்களுக்கும் சமமாகப் பங்கிட்டுத் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அப்படியானால் முஹாஜிர்கள் தோட்ட வேலைகளைப் பொறுப்பேற்கட்டும், விளைச்சலில் அவர்களுக்குப் பங்கு தருகிறோம் என்று அன்சாரிகள் மாற்று வழி கூறினார்கள். அதை இரு தரப்பாரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். கொடுப்பவரின் சொத்து கரையவில்லை. பெறுபவரின் கை, யாசிக்கும் கையாகவும் ஆகவில்லை. மண்ணையே தொட்டறியாத வணிகர்கள் நீர் இறைக்கவும் மரம் பேணவும் கற்றுக்கொண்டார்கள். அதே காலத்தில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் அன்சாரிச் சகோதரர் தரமுன்வந்த பாதிச் சொத்தை துஆவுடன் மறுத்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டுச் சென்று, பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார்கள். உழைத்து நிற்கும் வழியைத் திறந்துவிடுவதே அங்கே உதவி எனப்பட்டது.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். அவர்களது அடிமைத் தளையை விடுவிக்க எசமானர் விதித்த நிபந்தனை, 300 பேரீச்சங் கன்றுகளை நட்டு உயிர்ப்பித்துத் தருவதும் 40 ஊக்கியா தங்கம் கொடுப்பதும் ஆகும். சகோதரருக்கு உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதும், ஒருவர் 30 கன்றுகள், இன்னொருவர் 20, மற்றொருவர் 15, வேறொருவர் 10 என அவரவர் இயன்றதைக் கொண்டுவந்தனர். குழிகளைத் தோண்டுவதிலும் துணை நின்றனர். நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். அக்கம்பக்கத்தார் தந்த கன்றுகளால் ஒரு மனிதர் விடுதலை பெற்றார்.

தண்ணீருக்கும் ஒரு முறை

தோட்டமென்றால் தண்ணீர்; தண்ணீரென்றால் தகராறு. மழைக் காலத்தில் மஹ்ஸூர் என்னும் ஓடையில் வெள்ளம் வரும்போது, மேட்டிலிருப்பவர் எவ்வளவு நீரைத் தேக்கலாம் என்ற கேள்வி எழுந்தது. கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு, பின்பு கீழேயுள்ள தோட்டத்திற்குத் திறந்துவிட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். முதலில் நீர் பெறும் உரிமை மேட்டு நிலத்தாருக்கு உண்டு. ஆனால் தேவைக்குமேல் மறித்து வைக்கும் உரிமை இல்லை. இந்த ஒரு தீர்ப்பைத் தானியக் களஞ்சியத்திற்கும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

பள்ளிவாசலில் தொங்கிய குலைகள்

அறுவடைக் காலத்தில் அன்சாரிகள் பேரீச்சங் குலைகளைக் கொண்டுவந்து, மஸ்ஜிதுந் நபவியின் இரு தூண்களுக்கிடையே கட்டிய கயிற்றில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களான அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா உள்ளிட்ட ஏழைகள் பசித்தபோது வந்து, குலையைத் தட்டி, உதிர்ந்த பழங்களை உண்பார்கள். கேட்க வேண்டியதில்லை, யார் கொடுத்தது என்று அறிய வேண்டியதுமில்லை. 10 வஸக் அறுவடை செய்பவர் ஒரு குலையைப் பள்ளிவாசலில் ஏழைகளுக்காகத் தொங்கவிட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ.

சிலர் சூம்பிய, கெட்டுப்போன குலைகளைக் கொண்டுவந்து அதே கயிற்றில் மாட்டினார்கள். அவர்களைக் கண்டித்தே அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் அருளப்பட்டதாக பராஉ (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கிக்கொள்ளாத பொருளைப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்பது அதன் கருத்து. பழைய துணியையும் நாள்பட்ட பண்டத்தையும் ஸதகா என்று எண்ணும் நம் வழக்கத்தை நினைத்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

ஸகாத்துக்காக மரத்திலேயே விளைச்சலை மதிப்பிட வரும் அதிகாரிகளுக்கும் ஒரு கட்டளை இருந்தது. மூன்றில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். தோட்டக்காரரின் குடும்பம், அண்டை வீட்டார், வழிப்போக்கர் ஆகியோர் உண்பதற்காகவே அது விடப்பட்டது என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அண்டை வீட்டாரின் பங்குக்கு வரிக் கணக்கிலேயே இடம் ஒதுக்கிய சமுதாயம் அது.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

உணவைச் சேமிப்பது தவக்குலுக்கு முரண் என்று சிலர் எண்ணுகிறார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தில் செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. நபி (ஸல்) அவர்களும் பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சையை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைப்பார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எனினும் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களது கவச உடை, 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஓராண்டு உணவைச் சேமித்தவர்கள் எப்படிக் கடன்படுவார்கள்? சேமித்தார்கள், ஆனால் தேவையுடையோர் வந்தபோது ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள் என அறிஞர்கள் பதிலளிக்கிறார்கள். விலை ஏறட்டும் என்று பற்றாக்குறைக் காலத்தில் மக்களின் உணவை வாங்கி முடக்குபவனையே பாவி என்று நபிமொழி கண்டிக்கிறது.

மூன்று நாள் சட்டம்

இப்போது அந்த நன்னியின் சொல்லுக்கு வருவோம். ஒரு பெருநாளின்போது கிராமப்புற அரபு ஏழைகள் பசியோடு மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவ்வாண்டு, மூன்று நாட்களுக்கு மேல் இறைச்சியைச் சேமிக்க வேண்டாம், எஞ்சியதைக் கொடுத்துவிடுங்கள் என நபி (ஸல்) அவர்கள் ஆணையிட்டார்கள். அடுத்த ஆண்டு மக்கள் அச்சட்டத்தைக் குறித்துக் கேட்டபோது, வந்திருந்த அந்த ஏழைகளுக்காகவே தடுத்தேன். இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மமும் செய்யலாம் என அனுமதித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு முஸ்லிமில் உள்ளது.

இறைச்சி அதே இறைச்சி. வீடும் அதே வீடு. வாசலில் பசித்தவர் நின்ற ஆண்டில் சேமிப்பு தடுக்கப்பட்டது. அவர் பசியாறிய ஆண்டில் அனுமதிக்கப்பட்டது. சட்டம் நம் பெட்டியின் குளிரைப் பார்த்து மாறவில்லை. பக்கத்து வீட்டின் அடுப்பைப் பார்த்து மாறியது.

இதை எழுதும் நாமும் ஒரு குற்றவுணர்வோடுதான் எழுதுகிறோம். 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நாமும் கடைக்கு ஓடி இரண்டு மூட்டை அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கி அடுக்கினோம். நம் தெருவின் கடைசி வீட்டில் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் சகோதரரின் குடும்பம் ஒருவேளை மட்டும் உண்டு நாட்களைக் கடத்தியதைப் பத்து நாட்களுக்குப் பின்பே அறிந்தோம். அவர் கேட்கவில்லை, நாம் பார்க்கவில்லை. அஷ்அரீ குலத்தார் உணவு குறையும்போது தம்மிடமுள்ளதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்றும், அவர்கள் தம்மைச் சார்ந்தவர்கள் என நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள் என்றும் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் நாம். பாடம் நாவில் இருந்தது. அரிசி மூட்டை அறைக்குள் இருந்தது. அல்லாஹ் மன்னிப்பானாக.

ஹிஜ்ரி 18இல் அரபகத்தை வாட்டிய 'ரமாதா' பஞ்சத்தில் உமர் (ரலி) அவர்கள், மக்கள் செழிப்புறும்வரை நெய்யைத் தொடுவதில்லை என உறுதி பூண்டார்கள். வெளிப் பகுதிகளிலிருந்து உணவை வரவழைத்தார்கள். பஞ்சம் நீங்கிய பின், அது நீங்காதிருந்தால் வசதியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் அவ்வீட்டார் தொகைக்குச் சமமான ஏழைகளைச் சேர்த்திருப்பேன் என்றார்கள். ஒருவரின் உணவை இருவர் பகிர்ந்தால் யாரும் இறந்துவிட மாட்டார்கள் என்பது அவர்களின் கணிப்பு.

திருப்பித் தரப்பட்ட மரங்கள்

ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களுக்கு வசதி பிறந்தது. உடனே அவர்கள், பலனை அனுபவித்துக்கொள்ளுமாறு அன்சாரிகள் தந்திருந்த மரங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் தந்திருந்த மரங்களை நபி (ஸல்) அவர்கள், தம்மை வளர்த்த உம்மு அய்மன் (ரலி) அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றைத் திருப்பித் தர அந்த மூதாட்டி மறுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளாமல், ஏறத்தாழ பத்து மடங்கு ஈடு தருவதாகக் கூறும்வரை பொறுமையாகப் பேசி இணங்கவைத்தார்கள். ஏறத்தாழ ஆறாண்டுகள் தாங்கிய கரங்களுக்கு நன்றியோடு மரங்கள் மீண்டன. தற்சார்பு என்பது இதுதான்: யாரிடமும் எதையும் பெறாதிருப்பதன்று, பெற்றதைக் கொண்டு எழுந்து நின்று, மீண்டும் கொடுக்கும் நிலைக்கு வருவது.

நம் மஹல்லாவில்

நம்மிடம் பேரீச்சந் தோப்பு இல்லை. முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைக்கக் கொல்லையோ மொட்டை மாடியோ பலருக்கு இருக்கிறது. நம் சிறுவயதில் உம்மாமார்கள் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். வெள்ளிதோறும் அது மதரஸா மாணவர்களின் உணவுக்குச் சென்றது. அந்தப் பிடியரிசிப் பானையை மீண்டும் அடுக்களையில் வைப்போம். ரமளானில் ஒரு மாதம் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசலின் ஒரு மூலையில், எஞ்சிய பதினொரு மாதங்களும் கேள்வியின்றி எடுத்துச்செல்ல அரிசியும் பருப்பும் இருக்கட்டும். நாம் உண்ணும் தரத்திலேயே இருக்கட்டும்.

அந்தச் சகோதரிக்கு நாம் சொன்ன பதில் இதுவே: "வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, தடையில்லை. ஆனால் பெட்டியை மூடும் முன் தெருவின் இரு கோடியையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உங்கள் நன்னி சொன்னதன் உட்பொருள் அதுதான்."

யா அல்லாஹ்! எங்கள் தோட்டங்களிலும் அளவைகளிலும் பரக்கத் செய்வாயாக. அண்டை வீட்டார் பசித்திருக்க நாங்கள் வயிறு நிறைந்து உறங்கும் இழிநிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன்.