ஒஸ்தா அப்பாவின் சவரக்கத்தி



ஒஸ்தா அப்பா மௌத்தான பிறகு, குப்பைக்குப் போகவிருந்த அவருடைய சவரக்கத்தியைக் கேட்டு வாங்கினேன். துருவைத் தேய்க்க 'ஷெஃபீல்ட்' முத்திரை தெரிந்தது.

1740களில் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்குக் காய்ச்சிய பிறகு, சவரக்கத்திக்குப் பேர்போன ஆங்கில நகரம் அது. ஆனால் 9ஆம் நூற்றாண்டிலேயே அல்கிந்தி தன் வாள் நூலில் ஸரந்தீப் வாள்களைப் பற்றி எழுதிவிட்டார். நம் சமனலவெவ மலைச்சரிவில், தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றே ஊதிய பழைய இரும்புலைகளை அகழ்ந்தெடுத்தார்கள்.

கல்லில் தீட்டி, தோல்வாரில் முதுகு முந்த இழுத்து, நானே சவரம் செய்து பார்த்தேன். நாடியில் இரண்டு கீறல்.

ஊர்ப் பிள்ளைகளின் ஏழாம் நாள் முடியை ஒஸ்தா அப்பா ஒரு கீறலும் விழாமல் இறக்கினார்.

கலியாண வீட்டு சஹனில் அந்தக் கையோடு நம் கை சேர்ந்ததா?