ஓடிப்போனவர்களுக்கு மன்னிப்பு



போன வாரம் நம் குடும்பக் குழுவில் அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். அவன் பையனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. ராணுவ ஆள்சேர்ப்புப் பதிவு சம்பந்தமாக அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. "சித்தி, பிள்ளையைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்களா?" என்று பயந்து போய்க் கேட்டான். பயப்பட ஒன்றும் இல்லை. அங்கே 1973-க்குப் பிறகு யாரையும் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. பெயர்ப் பதிவு மட்டும் இருக்கிறது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு, 1980-ல் அந்தப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர்.

இதே கார்ட்டர்தான் அதற்கு மூன்று வருடம் முன்னால், பதவியேற்ற மறுநாளே, பட்டாளத்துக்குப் போகாமல் தப்பித்தவர்களுக்கெல்லாம் மன்னிப்பு கொடுத்தவர். இதைக் குழுவில் இரண்டு வரியில் எழுதினேன். "அது என்ன கதை, முழுசாக எழுதுங்கள் டீச்சர்" என்று பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு வியட்நாம் என்றால் முதலில் சிவாஜி படம்தான் நினைவுக்கு வரும். ஓயாமல் சண்டை நடக்கிற வீட்டுக்கு "வியட்நாம் வீடு" என்று 1970-ல் பெயர் வைத்தார்கள் என்றால், அந்தப் போர் எத்தனை தூரம் காதில் விழுந்திருக்கிறது பாருங்கள். அமெரிக்கர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல் செத்தார்கள். வியட்நாம் மக்கள் செத்தது அதைப் போலப் பல மடங்கு. இந்தப் போர் சரியா தவறா என்று அமெரிக்காவிலேயே அப்பனும் பிள்ளையும் ஒருவரோடொருவர் பேசாமல் போன வீடுகள் உண்டு.

அந்தக் காலத்தில் அங்கே பதினெட்டு வயதான பையன்களை ஊர் ஊராக இருந்த ஆள்சேர்ப்புக் குழுக்கள் அழைக்கும். ஆனால் எல்லாப் பையனையும் ஒரே மாதிரி அழைக்கவில்லை. கல்லூரியில் படித்தால் தள்ளிவைப்பு. நல்ல டாக்டரிடம் கடிதம் வாங்க வசதி இருந்தால் விலக்கு. உள்நாட்டுக் காவல்படையில் இடம் பிடிக்கச் செல்வாக்கு இருந்தால் அதுவும் ஒரு வழி. போர்க்காலத்தில் சேவை வயதில் இருந்த ஆண்கள் கிட்டத்தட்ட 2 கோடியே 70 லட்சம் பேர். அதில் 1 கோடியே 60 லட்சம் பேர் சீருடையே போடவில்லை. பெரும்பாலும் சட்டப்படியே போடவில்லை. 1969 டிசம்பர் 1-ந் தேதி பிறந்த நாட்களை 366 நீலக் குப்பிகளில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த பையன்களின் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்றும் நடந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த மெக்னமாரா 1966-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். நுழைவுத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கி, அதுவரை பட்டாளம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பையன்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம். சில வருடங்களில் மூன்றரை லட்சம் பேர் அப்படிச் சேர்ந்தார்கள். படிப்பு வராத பையன்களோடு முப்பது வருடம் பழகியவள் என்பதால் இந்த இடத்தைத் தாண்ட எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் ஆகிறது.

இனி, ஓடியவர்கள். இவர்களில் இரண்டு வகை உண்டு. அழைப்பு வந்தும் பட்டாளத்தில் சேராமல் தப்பித்தவர்கள் ஒரு வகை. இவர்களில்தான் கனடாவுக்குப் போனவர்கள் உண்டு, போர் பாவம் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த பெயர் என்றால் முகமது அலி. 1967-ல் மறுத்தார். ஐந்து வருடச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. குத்துச்சண்டைப் பட்டம் பறிபோனது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தார். 1971-ல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டாவது வகை, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள். முப்பது நாள் திரும்பாவிட்டால் "ஓடிப்போனவன்" என்று பதிந்துவிடுவார்கள்.

முதல் வகையில் சட்டத்தை மீறியவர்கள் சுமார் 5,70,000 பேர் என்று பின்னால் கணக்கிட்டார்கள். வழக்கு என்று பெயர் போனது 2,10,000 பேர்மேல். தண்டனைத் தீர்ப்பு 8,750 பேருக்கு. சிறையில் இருந்தது 3,250 பேர். சல்லடையில் எவ்வளவு சலித்தும் கடைசியில் தங்கியவர்கள் இவ்வளவுதான்.

1974 ஆகஸ்டில் நிக்சன் ராஜினாமா செய்ய, ஜெரால்டு ஃபோர்டு ஜனாதிபதி ஆனார். பத்தே நாளில் சிகாகோவில் முன்னாள் போர்வீரர்கள் மாநாட்டுக்குப் போனார். எதிர்க்கிற கூட்டம் எதுவோ அதன் முகத்துக்கு நேரே போய், ஓடியவர்களுக்குத் திரும்பி வர வழி செய்யப் போகிறேன் என்றார். கைதட்டல் இல்லை, மண்டபமே அமைதியாகிவிட்டது. ஃபோர்டும் கடற்படையில் இருந்து இரண்டாம் உலகப் போரைப் பார்த்தவர்தான். அந்தத் துணிச்சலுக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

ஆனால் சொன்னதைச் செய்வதற்குள் வேறொன்று செய்தார். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை. நிக்சன் பதவிக் காலத்தில் செய்த, செய்திருக்கக்கூடிய எல்லாக் குற்றங்களுக்கும் முழு மன்னிப்பு. விசாரணை இல்லை, வழக்கு இல்லை, நிபந்தனையும் இல்லை. ஃபோர்டின் பத்திரிகைச் செயலாளர் டெர்ஹோர்ஸ்ட் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். மனசாட்சிக்காகப் பட்டாளத்தைத் தவிர்த்த இளைஞர்களுக்கு இல்லாத மன்னிப்பை நிக்சனுக்கு மட்டும் கொடுத்ததை என்னால் நியாயப்படுத்திப் பேச முடியாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16-ல், இளைஞர்களுக்கான அறிவிப்பு வந்தது. அதில் நிபந்தனைகள் இருந்தன. நாட்டுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் குறைந்த சம்பளத்துக்கு 24 மாதம் வரை பொதுச்சேவை செய்ய வேண்டும். ஜனாதிபதிக்கு ஒரு பேனா போதுமாயிருந்தது, பையனுக்கு இரண்டு வருடம். கனடாவில் இருந்தவர்களின் அமைப்புகள், நாங்கள் என்ன தப்பு செய்தோம், எதற்கு மன்னிப்பு என்று இதைப் புறக்கணிக்கச் சொன்னார்கள்.

ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களின் மனுக்களைப் பார்க்க ஒரு கருணைக் குழு அமைத்தார்கள். தலைவர் சார்லஸ் குடெல். ஃபோர்டின் கட்சிக்காரர்தான், ஆனால் செனட்டராக இருந்தபோது போரை எதிர்த்துப் பதவியையே இழந்தவர். குழுவில் ஒரு பாதிரியாரும் இருந்தார், கடற்படைத் தரைப்படையின் ஓய்வுபெற்ற ஜெனரலும் இருந்தார். ஒன்பது பேரில் தொடங்கிப் பிறகு பதினெட்டாக்கினார்கள்.

அந்தக் குழு கோப்புகளைத் திறந்து பார்த்தபோது வெளிவந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது. ஓடிப்போன சிப்பாய் என்றால் நீண்ட தலைமுடியும் கோஷ அட்டையும் கையுமாக ஒரு கல்லூரிப் பையன் என்றுதான் நாடு நினைத்திருந்தது. கோப்பில் இருந்தவன் வேறு ஆள். பள்ளிப் படிப்பை முடிக்காதவன், ஏழை வீட்டுப் பிள்ளை. அப்பா சாகக் கிடக்கிறார், மனைவிக்கு உடம்பு முடியவில்லை, வீட்டு வாடகைக்குப் பணம் இல்லை என்று லீவு கேட்டான், கிடைக்கவில்லை, போய்விட்டான். போரை எதிர்த்துப் போனவர்கள் சிறு பங்குதான். இதில் நாலில் ஒருவர் போல வியட்நாமுக்கே போய்ப் பணியாற்றித் திரும்பியவர்கள்! காயம்பட்டவர்களும் உண்டு. அங்கே ஒழுங்காக இருந்துவிட்டு, ஊருக்கு வந்தபின் தூக்கம் வராமல், முகாம் வாழ்க்கை ஒட்டாமல் போனவர்கள்.

இவர்களை வெளியே அனுப்பும்போது பட்டாளம் ஒரு காகிதம் கொடுக்கும். இதை உங்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். நம் பள்ளியில் டி.சி. கொடுக்கும்போது "நடத்தை" என்று ஒரு கட்டம் இருக்குமே, அதேதான். அந்தக் கட்டத்தில் "நன்று" என்ற ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அடுத்த பள்ளியில் அந்தப் பையனை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைமையாசிரியர் ஒருவர், எந்தச் சேட்டைக்காரப் பையனாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் "நன்று" என்றே எழுதச் சொல்வார். பட்டாளத்தில் அப்படி ஒரு தலைமையாசிரியர் இல்லை. "விரும்பத்தகாதவர்" என்று எழுதிய காகிதம் இருந்தால் முன்னாள் வீரர்களுக்கான படிப்புதவியும் மருத்துவமும் அநேகமாகக் கிடைக்காது. வேலை கேட்டுப் போனால் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தை. 1974 வரைக்கும் ஏன் வெளியே அனுப்பினோம் என்பதை ரகசிய எண்ணாகவும் அதில் போட்டுவைத்தார்கள். பையனுக்கு அந்த எண் புரியாது, முதலாளிக்குப் புரியும்.

கருணைக் குழு முடிந்த அளவு நியாயமாக நடந்துகொண்டது. படிப்பின்மை, குடும்பக் கஷ்டம், போர்க் காயம் எல்லாவற்றையும் குற்றத்தைக் குறைக்கும் காரணங்களாக எடுத்துக்கொண்டது. பலருக்குச் சேவை நிபந்தனையே வைக்காமல் விட்டது. ஆனால் கடைசியில் கையில் கொடுத்தது "கருணை விடுவிப்பு" என்று தலைப்பிட்ட இன்னொரு காகிதம். அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. அதை நீட்டினாலே, ஓ இவன் ஓடிப்போனவன் என்று தெரிந்துவிடும். ஒரு டி.சி.யைக் கிழித்துவிட்டு "இவன் முன்பு கெட்டவன், மன்னித்துவிட்டோம்" என்று எழுதி வேறு டி.சி. கொடுத்தால் எப்படி இருக்கும்?

தகுதியுள்ளவர்கள் ஏறக்குறைய 1,13,000 பேர். விண்ணப்பித்தவர்கள் 22,000-க்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தில் ஒருவர்கூடச் சரியாக வரவில்லை. வீம்பு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. இது கனடாவில் இருப்பவர்களுக்கான திட்டம் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். தனக்கும் பொருந்தும் என்று ஏதோ ஒரு ஊரில் பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவனுக்கு யாரும் சொல்லவில்லை. 1975 ஜனவரித் தொடக்கத்தில் குழுவுக்கு வந்திருந்த மனுக்கள் ஆயிரத்தை எட்டவில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிப்பு கொடுத்த பிறகுதான் மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. கடைசி நாளை இரண்டு முறை தள்ளி, மார்ச் 31-ல் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து சைகோன் விழுந்தது.

கார்ட்டருக்கு வருவோம். 1976 தேர்தல் பிரசாரத்தில் இன்னொரு முன்னாள் வீரர்கள் மாநாட்டில், சியாட்டிலில், முழு மன்னிப்பு தருவேன் என்று சொல்லிக் கூச்சலும் வசவும் வாங்கிக்கொண்டார். அவர் அங்கே ஒரு வேறுபாடு சொன்னார். 'ஆம்னெஸ்டி' என்றால் நீ செய்தது சரி என்று ஆகும், 'பார்டன்' என்றால் சரியோ தப்போ மன்னித்துவிட்டோம் என்று ஆகும், நான் தருவது இரண்டாவது என்றார். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் மறதி என்று வேர். நாம் தமிழில் இரண்டையும் பொதுமன்னிப்பு என்றே எழுதிவிடுகிறோம். மறப்பதும் மன்னிப்பதும் ஒன்றா என்று நம் பத்திரிகைக்காரர்கள் யோசித்தால் நல்லது.

1977 ஜனவரி 21-ல் கையெழுத்துப் போட்டார். 1964 ஆகஸ்ட் 4 முதல் 1973 மார்ச் 28 வரை ஆள்சேர்ப்புச் சட்டத்தை மீறிய எல்லாருக்கும், வன்முறையில் ஈடுபட்டவர்கள் நீங்கலாக, நிபந்தனை இல்லாத மன்னிப்பு. சேவை இல்லை, உறுதிமொழி இல்லை. ஒரு ஜனாதிபதி செய்ததிலேயே மகா கேவலமான காரியம் இது என்றார் செனட்டர் கோல்டுவாட்டர். அந்தக் கோபத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். மாதாமாதம் இத்தனை தலை வேண்டும் என்று கணக்கு. ஒருவன் வராவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை போனான். அப்படிப் போனவன் பெட்டியில் திரும்பி வந்திருந்தால் அந்தத் தாய்க்கு இந்தக் கையெழுத்து எப்படித் தெரிந்திருக்கும்?

ஆனால் எனக்கு நெருடுவது வேறு. கார்ட்டரின் மன்னிப்பில் முதல் வகைக்காரர்கள் மட்டும்தான் வந்தார்கள். சேர்ந்துவிட்டு ஓடிய சிப்பாய்கள் அதில் இல்லை. அழைப்பு வந்ததும் சட்டம் படித்து, வக்கீல் பார்த்து, எல்லை தாண்டத் தெரிந்தவனுக்கு முழு மன்னிப்பு. ஒன்றும் தெரியாமல் போய்ச் சேர்ந்து, சிலர் சண்டையும் போட்டுவிட்டு, அப்பா சாகக் கிடக்கிறார் என்று போனவனுக்கு "உன் கோப்பைத் தனியாகப் பார்க்கிறோம்". முதல் வகைக்காகப் பேசக் கல்லூரிகளும் தேவாலயங்களும் பத்திரிகைகளும் இருந்தன. இரண்டாவது வகைக்காகப் பேச அவ்வளவு பேர் இல்லை.

அந்தத் தனிப் பரிசீலனையும் வந்தது. 1977 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆறு மாதம், பழைய காகிதங்களைத் திருத்தித் தரும் சிறப்புத் திட்டம். பலருடைய காகிதம் திருந்தவும் செய்தது. திட்டம் முடிகிற அதே அக்டோபரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இந்தத் திட்டத்தில் காகிதம் திருந்தியதால் மட்டும் சலுகை கிடைத்துவிடாது, ஒவ்வொருவர் கோப்பையும் வழக்கமான விதிப்படி மறுபடி பார்த்த பிறகுதான் என்று. ஏற்கெனவே சலுகை வாங்கத் தொடங்கியிருந்தவர்களுக்கும் அது பொருந்தியது.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள். கண்ணாடி மாற்றியதிலிருந்து ராத்திரியில் போன் பார்ப்பதில்லை, காலையில் பதில் போடுகிறேன்.