கொல்லைப்புறக் கதவு: ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற கேள்வியின் வரலாறு

இந்த எபிசோட் பாஸ்வேர்டைப் பற்றியதுன்னு நினைச்சு வந்திருந்தா, அது பாதிதான் சரி. லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு லிங்க் இருக்குமே, ‘மறந்துவிட்டதா?’ என்று. அதன் வரலாற்றைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பூட்டைப் பற்றி ஊரே பேசும். ஆனால் வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் வெறும் படலைச் சாத்தி வைத்தால் திருடன் எந்தப் பக்கம் வருவான்? லாகின் சிஸ்டம் எழுதுறது என் வேலையில் ஒரு பகுதி. எங்க மீட்டிங்கில் லாகினுக்குப் பத்து நிமிஷம் போகும், மிச்ச நேரம் முழுக்க “யூசர் போனைத் தொலைச்சிட்டா என்ன பண்றது?”ன்னு போகும். பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சப்போ, அறுபது வருஷமா எல்லாரும் இதே கேள்வியில்தான் மாட்டிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சது.

ஆரம்பம் 1961. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சிடிஎஸ்எஸ் என்ற சிஸ்டத்தை அந்த நவம்பரில் செய்து காட்டியது. மெஷின் ஒன்று, ஆட்கள் பலர். ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது, ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்கவும் வேண்டும். அதுக்காக வந்ததுதான் பாஸ்வேர்டு.

முதல் திருட்டுக்கு ஒரு வருஷம்கூட ஆகலை. ஆலன் ஷெர் என்ற முனைவர் பட்ட மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவர் ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. 1962-ல் அவர் ஒரு பஞ்ச் கார்டு கொடுத்து, எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த ஃபைலை அச்சடித்து எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் ஹேக்கிங்! கால் நூற்றாண்டு கழித்து அவரே சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. அறுபதுகளின் நடுவில் இன்னொரு கூத்து. இரண்டு அட்மின்கள் ஒரே நேரத்தில் ஃபைல் எடிட் செய்ய, அன்றைய வரவேற்புச் செய்தியும் பாஸ்வேர்டு ஃபைலும் இடம் மாறிவிட்டன. லாகின் செய்த ஒவ்வொருத்தர் முன்னாலும் மொத்தப் பேருடைய பாஸ்வேர்டும் வந்து விழுந்தது. இதை கோர்பட்டோவே தன் டூரிங் விருது உரையில் சொல்லியிருக்கார்.

இந்த இரண்டு விபத்துக்கும் காரணம் ஒன்றுதான்: மெஷினுக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரிந்திருந்தது. அதனால், மெஷினுக்கே தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்ற யோசனை வந்தது. பாஸ்வேர்டை ஒரு கணக்குக்குள் போட்டு அரைத்து, அரைத்த மாவை மட்டும் சேமிக்க வேண்டும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே அரிசியைக் கொண்டுவந்தால் அதே மாவு வரும். கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடாம் அறுபதுகளிலேயே கொடுத்த யோசனை இது. யூனிக்ஸில் இதை வளர்த்தவர்கள் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும். 1979-ல் அவர்கள் எழுதிய கட்டுரை சின்னதுதான், ஆனா இன்னைக்கும் படிக்கலாம். 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்திருக்காங்க. அதில் 2,831, அதாவது 86 சதவீதம், ரொம்பக் குட்டியாகவோ அகராதியில் இருக்கிற சொல்லாகவோ பெயராகவோ இருந்தன. பதினைந்து பேர் ஒரே ஒரு எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். அந்தப் பதினைந்து பேர் மேல எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, இங்கே ஒரு விலை இருக்கு. மெஷினுக்கே தெரியாத பாஸ்வேர்டை நீங்கள் மறந்துவிட்டால், அதை மெஷினால் ஞாபகப்படுத்த முடியாது. புதுசாக ஒன்று வைக்கத்தான் விடலாம். (ஏதாவது வெப்சைட் உங்க பழைய பாஸ்வேர்டை அப்படியே ஈமெயிலில் அனுப்பினால், அது உங்க பாஸ்வேர்டைப் பூட்டாம வெச்சிருக்குன்னு அர்த்தம். உடனே மாத்திட்டு ஓடிடுங்க.) புதுசாக வைக்க விடணும்னா, கேட்பது நீங்கள்தானா என்று வேறு வழியில் தெரிய வேண்டும். எம்ஐடி மாதிரி ஒரே வளாகத்துக்குள் அது பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. நேரில் போய் நின்றால் முகம் தெரியும். முகம் தெரியாத கோடிக்கணக்கான பேர் இன்டர்நெட்டுக்கு வந்தபோதுதான் கொல்லைப்புறக் கதவு பெரிதானது.

அதை இன்னும் அகலமாக்கியது ஒரு நல்லெண்ணம். 2003-ல் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்டில் பில் பர் என்ற அதிகாரி பாஸ்வேர்டு பற்றிய வழிகாட்டுதலை எழுதினார். பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலக்கணும், அவ்வப்போது மாத்தணும் என்று நாம் இன்றும் அனுபவிக்கிற சடங்குகள் உலகம் முழுக்கப் பரவியதில் அந்த ஆவணத்துக்குப் பெரிய பங்கு. விளைவு? ‘சென்னை@1’, மூணு மாசம் கழிச்சு ‘சென்னை@2’. வட கரோலினா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் சோதித்துப் பார்த்தார்கள்: ஒருவரின் பழைய பாஸ்வேர்டு கையில் இருந்தால், 41 சதவீத அக்கவுண்ட்களில் அடுத்த பாஸ்வேர்டைச் சில நொடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது. 2017-ல் நிஸ்ட் இந்த விதிகளைக் கைவிட்டது. பர்ரும் தன் வேலையில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பேட்டியில் சொன்னார். இந்தச் செய்தி எட்டாத ஆபீஸ்கள் இன்னும் நிறைய இருக்கு. உங்க ஆபீஸும் அதில் ஒண்ணா இருக்கலாம்.

பாஸ்வேர்டு கஷ்டமாக ஆக, மறதி கூடியது. அதற்கு முதல் பதில் ரகசியக் கேள்விகள். அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் என்ன? நம்ம ஊரில் இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். எங்க அம்மாவுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. கல்யாணத்துக்கு முன் ஒரு இனிஷியல், பின் ஒரு இனிஷியல். வேறொரு நாட்டுப் பழக்கத்தை உலகத்துக்கே பொதுவான சாவியாக்கிவிட்டார்கள். அந்த நாட்டிலேயே அது நிற்கவில்லை என்பது வேறு கதை. 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயிலுக்குள் ஒரு கல்லூரி மாணவன் நுழைந்தான். பாஸ்வேர்டை உடைக்கவில்லை; பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்றுக்கும் இன்டர்நெட்டில் தேடிப் பதில் சொல்லிவிட்டான்.

2015-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கணக்கே போட்டார்கள். ‘பிடித்த சாப்பாடு எது?’ என்ற கேள்விக்கு, ஆங்கிலம் பேசுகிற பயனர்களின் பதிலை ஒரே ஊகத்தில் சரியாகச் சொல்ல 19.7 சதவீத வாய்ப்பு. பதில், பீட்சா. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பயனர்களில் 40 சதவீதம் பேருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் தங்கள் சொந்தப் பதிலே ஞாபகம் வரலை. திருடனுக்குச் சுலபம், வீட்டுக்காரருக்குக் கஷ்டம்! இதைவிட மோசமாக ஒரு பூட்டைச் செய்ய முடியுமான்னு எனக்குத் தெரியலை.

அடுத்த பதில், கஸ்டமர் கேர். 2012 ஆகஸ்டில் மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளருக்கு நடந்ததை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். ஒருத்தன் அமேசானுக்குப் போன் செய்து, ஹோனன் பெயரில் ஒரு புது கார்டு எண்ணைச் சேர்த்தான். போனை வைத்துவிட்டு மறுபடி அழைத்து, “அக்கவுண்டுக்குள் போக முடியவில்லை” என்றான். அடையாளத்துக்குக் கேட்டது கார்டு எண். சற்று முன் அவனே சேர்த்த எண். உள்ளே போனதும் ஹோனனின் உண்மையான கார்டின் கடைசி 4 இலக்கம் தெரிந்தது. ஆப்பிளின் கஸ்டமர் கேருக்கு அந்த நாலு இலக்கமும் ஒரு முகவரியும் போதும். அமேசான் வெளிப்படையாகக் காட்டிய தகவலை ஆப்பிள் ரகசியமாக நினைத்தது. ஹோனனின் போன், ஐபேட், மேக்புக் மூன்றும் அழிக்கப்பட்டன, மகளின் குழந்தைப் பருவப் படங்களோடு. இத்தனையும் எதுக்குன்னா, மூன்றே எழுத்துள்ள அவரது ட்விட்டர் பெயருக்காக. இந்தக் கதையில் யாரும் எந்த கோடையும் உடைக்கலை.

இதுக்கப்புறம் எல்லாரும் ஓடிய இடம், போன் நம்பர்.

ஓடிபியைத் திட்டுறது இப்போ ஃபேஷன். நான் முழுசா அந்தக் கட்சி இல்லை. ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல், ஆன்லைன் கார்டு பணப்பரிமாற்றத்துக்கு, கார்டின் மேல் அச்சிடப்படாத கூடுதலான ஒரு தகவல் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அப்போ பல நாடுகளில் கார்டு நம்பரும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். நம்ம ஊரில் அந்தக் கூடுதல் தகவல் போகப் போக எஸ்எம்எஸ் ஓடிபியாக ஆனது. பட்டன் போனிலும் வரும், ஆப் வேண்டாம், யாரும் சொல்லித்தர வேண்டாம். 2014-ல் ஊபர், வெளிநாட்டு கேட்வே வழியாக இந்தக் கூடுதல் படி இல்லாமலே கார்டில் பணம் எடுத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வழிகளை அக்டோபர் 31-க்குள் நிறுத்தச் சொன்னது ரிசர்வ் வங்கி. டாக்ஸியிலிருந்து அப்படியே இறங்கிப் போகும் சொகுசு போச்சுன்னு அப்போ நிறையப் பேர் புலம்பினாங்க. எனக்கு என்னவோ ரிசர்வ் வங்கி பக்கம்தான் நியாயம்னு படுது.

பிரச்சினை ஓடிபியில் இல்லை. போன் நம்பரை அடையாளமாக ஆக்கியதில் இருக்கு. டெலிகாம் நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை, அந்த வலைக்குள் இருக்கிற எல்லாரும் நம்பிக்கைக்கு உரியவர்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. 2017-ல் ஜெர்மனியில் திருடர்கள் அதன் வழியாக வங்கி எஸ்எம்எஸ்களைத் திசைதிருப்பிப் பணம் எடுத்தார்கள். 2019-ல் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்ஸியின் சொந்தக் கணக்கே, அவரது நம்பரை வேறொருவர் கைப்பற்றியதால் பறிபோனது. 2016-லேயே நிஸ்ட் தன் வரைவில் எஸ்எம்எஸ்ஸை விலக்கப் பார்த்தது. இறுதி ஆவணத்தில், கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம் என்று சுருதி இறங்கியது. வேறு எது எல்லார் கையிலும் இருக்கு?

அதோடு, நம்பர் நமக்குச் சொந்தமில்லை, வாடகைதான். ப்ரீபெய்ட் நம்பரை 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் நிறுத்திவிடலாம் என்று டிராய் விதி சொல்கிறது. அப்புறம் அது இன்னொருவருக்குப் போகும். உங்கள் பழைய ஓடிபியும் அவருக்குத்தான் போகும். துபாயில் வேலைக்குப் போய் ஊர் சிம்மை டிராயரில் போட்டு வைத்தவர்களுக்கு இது கதை இல்லை. சிம் மாற்றிய 7 நாளைக்கு நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலையில்தான் வந்தது.

இப்போ வந்திருப்பது பாஸ்கீ. 2013-ல் தொடங்கிய ஃபைடோ கூட்டமைப்பின் பயிர். ரகசியச் சாவி உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும், வெப்சைட்டிடம் அதன் ஜோடி மட்டும் இருக்கும். சாவி எந்த வெப்சைட்டுக்கு உரியது என்பதை பிரவுசரே சரிபார்க்கும். போலி வங்கிப் பக்கத்தில் நீங்கள் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. கூகுள் 2017-ல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதே தத்துவத்தில் இயங்கும் சின்ன யுஎஸ்பி சாவிகளைக் கொடுத்தது. அதன் பின் ஒருவர் கணக்கும் ஃபிஷிங்கில் போகவில்லை என்று 2018-ல் சொன்னது. வாசல் பூட்டைப் பொறுத்தவரை, இதுதான் அறுபது வருஷத்தில் வந்த ஆகச் சிறந்த பூட்டு. சந்தேகமே இல்லை.

கொல்லைப்புறம்? முதலில் ஃபைடோவின் கொள்கை கறாரானது: சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே போகவே போகாது. போன் பஸ்ஸில் தொலைந்தால் சாவியும் போச்சு. பொதுமக்களிடம் இது எடுபடவில்லை. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, சாவி அவரவர் கிளவுடில் நகல் எடுத்து வைக்கப்படும் என்று அறிவித்தன. அப்படி என்றால் உங்கள் வங்கி, மெயில், கடை எல்லாவற்றின் சாவிக்கொத்தும் ஒரு ஆப்பிள் அல்லது கூகுள் அக்கவுண்டுக்குள். அந்த அக்கவுண்டைத் தொலைத்தால் அதை மீட்க வழி? பலருக்கு இன்னும் அதே போன் நம்பர்.

இங்கே நடுவழி கிடையாது, அதான் இதில் கஷ்டம். கம்பெனியால் உங்கள் கதவைத் திறக்க முடியும் என்றால், கம்பெனியை ஏமாற்றுகிறவனாலும் திறக்க முடியும். ஹோனனுக்கு நடந்தது அதுதான். கம்பெனியாலும் திறக்க முடியாது என்றால், தொலைத்தது தொலைத்ததுதான். ஐகிளவுடில் சாவிக்கொத்தின் காப்புப் பிரதிக்கு, போன் பாஸ்கோடை 10 தடவை தப்பாகப் போட்டால் அந்தப் பிரதியையே சர்வர் அழித்துவிடும்படி ஆப்பிள் வடிவமைத்திருக்கிறது. திருடனுக்கு எதிராகப் பார்த்தால் அருமை. எழுபது வயசு தாத்தா பாஸ்கோடை மறந்து பத்து தடவை முயற்சி பண்ணுறார்னு வெச்சுக்கோங்க, அப்போ?

நம்ம வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கு, எந்த தரநிலைக் குழுவும் இதை யோசிச்ச மாதிரி தெரியலை. அம்மாவின் மெயிலுக்கும் அப்பாவின் ஆதாருக்கும் தம்பியின் இன்ஸ்டாவுக்கும் மீட்பு நம்பர் வீட்டில் யாராவது ஒருத்தருடையது. ஒரு ஆளுக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு ஆள் என்ற கணக்கில் கட்டிய சிஸ்டம், நாலு பேருக்கு ஒரு நம்பர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒருத்தர் வெளிநாடு போய் நம்பரை மாற்றினால், நாலு கதவும் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும்.

எபிசோட் முடிஞ்சதும் ஒரு ரெண்டு நிமிஷம், அம்மா அக்கவுண்டைத் திறந்து மீட்பு நம்பர் யாருடையதுன்னு பாருங்க. அந்த நம்பர் இப்போ உயிரோட இருக்கான்னும் ஒரு கால் போட்டுப் பாருங்க. வேற யாராவது எடுத்தா, என்ன நடந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.