துலாவும் தோட்டமும்: யாழ்ப்பாணக் கமக்காரனின் வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் பண்டைய வேளாண்மை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெருங்குளங்களையும் அவற்றைக் கட்டுவித்த மன்னரையும் மையமாகக் கொண்டவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கமக்காரனது வாழ்வு இவ்வரலாற்றுக்குள் அடங்குவதன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் அவனுக்கு வாய்க்கவில்லை. கிணறே அவனுக்கு ஆறும் குளமுமாயிற்று. அக்கிணற்று நீரை எவர் உழைப்பினால், எச்சந்தைக்காக அவன் இறைத்தான் என்பதே அவன் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் எனலாம்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல்லாலானது. வடகீழ்ப் பருவக்காற்றினால் பெய்யும் மழைநீர் அக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இதற்குச் சான்றாகும். மழையை நம்பி வயலில் ஒரு போகம் நெல் விதைத்த கமக்காரன், வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் கிணற்று நீரைக்கொண்டு தோட்டஞ் செய்தான். விடியுமுன்னரே துலா ஏறும் வேலை தொடங்கும். ஒருவரோ இருவரோ துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்து நீரை ஊற்றுவார். வேறொருவர் பாத்திகளுக்கு நீர் மாறுவார். கால் தவறினால் உயிருக்கே ஆபத்து. மாட்டெருவும் குழையும் மண்ணின் வளத்தைப் பேணின.

இக்கூட்டுழைப்பைக் கிராமத்தின் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுவோர் உளர். எனினும் துலா மிதித்தவர் யாவரும் ஒரே நிலையினர் அல்லர். நிலம் பெரும்பாலும் வேளாளரிடம் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்தம் தோட்டங்களில் உழைத்தனர். 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னரும் இவ்வுறவு அடியோடு மாறிவிடவில்லை. பிறருடைய தோட்டத்திற்கு நீர் இறைத்தவர், அதே கிணற்றில் தாமாக நீர் அள்ளிக் குடிக்க முடியாதிருந்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும் இதற்காகப் போராட வேண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயலிற் பயிரிட்ட குத்தகையாளருக்குப் பாதுகாப்பளித்தது. ஆனால் அது நெற்காணிகளுக்கே உரியதாகையால் தோட்டக் குத்தகையாளர் அதன் பயனைப் பெறவில்லை.

நிலவுடைமையாளன் எனினும் சிறு கமக்காரனது நிலையும் உறுதியானதன்று. 1707இல் ஒல்லாந்தராற் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி ஆகியவற்றை வரையறுத்தது. பிள்ளைகளுக்குப் பங்கிட்டும் பெண்மக்களுக்குச் சீதனமாகக் கொடுத்தும் வந்தமையால் காணி சில பரப்புகளாகச் சுருங்கிற்று. பதினாறு பரப்புக் கொண்டதே ஓர் ஏக்கர். கடன்பட்டவன் காணியை ஒற்றி வைத்தால், மீட்கும்வரை அதன் விளைவு வட்டிக்கு ஈடாகப் பிறரைச் சேர்ந்தது.

சிறு நிலத்திற் பெரும் பயன் தரும் பணப்பயிரை அவன் நாடியதற்கு இதுவே காரணம். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அச்சந்தை தளர்ந்தபோது வெங்காயமும் மிளகாயும் முதன்மை பெற்றன. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து துலாவின் இடத்தை மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. உழைப்புக் குறைந்தது, ஆயின் எரிபொருளுக்கும் இரசாயன உரத்திற்கும் வெளியாரை நம்பும் நிலை ஏற்பட்டது.

1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் உணவுப் பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. கல்வீடுகள் எழுந்தன, இளைஞர் பலர் விசுவமடு, முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களில் மிளகாய் பயிரிடச் சென்றனர். 1977இல் புதிய அரசு இறக்குமதியைத் தாராளமாக்கியதும் அவ்விலை வீழ்ந்தது. கமக்காரனின் செழிப்பு அவனது உழைப்பில் மட்டுமன்றிக் கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகளிலும் தங்கியிருந்தமை இதனாற் புலனாகின்றது.

1990இன் பின்னர் போர்க்காலப் பொருளாதாரத் தடை எரிபொருளையும் உரத்தையும் மறித்தது. வலிகாமம் வடக்கின் செழிப்பான செம்மண் நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, மிகப் பிந்திக் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் கமக்காரர் இடருற்றனர். அத்தடை அவ்வாண்டிலேயே தளர்த்தப்பட்டது. மறுபுறம், அளவுமீறிய உரத்தினால் நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்தது; அளவுமீறிய இறைப்பு உவர்நீரை மேலெழச் செய்தது.

துலாவின் காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிற்று. அக்களைப்பைச் சுமந்தோர் எவர் என்பதை மறந்து பழைய முறையைப் போற்றுதல் நேர்மையாகாது. நன்னீர்ப் படையின் அளவை மறந்து புதிய முறையைப் போற்றுதலும் விவேகமாகாது. நீர் எவ்வளவு, அது எவருக்கு என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் ஆய்வே கமக்காரனின் வாழ்வை உள்ளவாறு காட்டவல்லது.