ரெட் டெட் ரிடெம்ப்ஷன்: முதல் பாகமா, 2-ஆம் பாகமா... எதை முதல்ல ஆடலாம்?

லாரன்ஸ் குதிரையேறிய 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வெளியானது 2010 மே மாதம். அதே மாதம் வந்த கவ்பாய் கேம்தான் ராக்ஸ்டார் நிறுவனத்தின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்'. 2-ஆம் பாகம் 2018 அக்டோபரில் வந்தது.

குழப்பம் இங்கதான். முதல் பாகத்தின் கதை நடப்பது 1911-ல். இரண்டாவது தொடங்குவதோ 1899-ல். அதாவது, ஜான் மார்ஸ்டனின் பழைய கூட்டாளிகளோட முன்கதை!

முதல் பாகத்துல வேகம் அதிகம். குதிரையில ஏறினோமா, சுட்டோமா, அடுத்த வேலைக்குப் போனோமா என்று போகும். தனியாக மெக்சிகோவுக்குள் நுழையும்போது திடீரென ஒலிக்கும் பாட்டை பலர் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவதில் எல்லாமே நிதானம். துப்பாக்கியைத் துடைக்கணும், குதிரைக்குத் தீனி போடணும். அது செத்தால் செத்ததுதான், திரும்ப வராது. பனிமலையில் நகரும் முதல் அத்தியாயத்திலேயே சலித்து விட்டவர்களும் உண்டு. தாண்டியவர்கள் ஆர்தர் மோர்கனை விட மாட்டேங்கிறாங்க.

நம்ம கணிப்பு: பொறுமை இருந்தால் 2-ஆம் பாகத்தில் தொடங்குங்க. ஆனா கம்ப்யூட்டரில் அதற்கு 150 ஜிபி இடம் வேணும். கொட்டாம்பட்டி பக்கம் தினம் 2 ஜிபி மொபைல் பேக்கை நம்பி டவுன்லோடு போட்டால், 75 நாள் ஆகும்!

முதல் பாகம் 2025 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்கு மொபைலிலேயே வந்துவிட்டது.