மண்டபம் முதலில், கலகலப்பு பிறகு: சிங்கப்பூர் மாநாட்டு நகரமான வரலாறு (1965–2019)

வணிக மாநாட்டுக்கு இடம் தேடுகிறவர்கள் துடிப்பான, கலகலப்பான நகரத்தைத்தான் நாடுவார்கள் என்பது சுற்றுலாத் துறையில் ஊறிப்போன நம்பிக்கை. சிங்கப்பூர் மாநாட்டு நகரமான வரலாற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அங்கே முதலில் வந்தது மண்டபம். அடுத்து விமான நிலையம். கலகலப்பு பின்னால் வந்தது, அதுவும் பெரும்பாலும் அரசாங்கத்தின் திட்டப்படி.

மாநாடுகளை வரவழைப்பதையே ஒரு தொழிலாகச் செய்யலாம் என்ற எண்ணம் 1896 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உருப்பெற்றது. ஊருக்குத் தாமாக வந்துபோகும் கூட்டங்களை ஆள் வைத்துத் தேடிப் பிடிக்கலாமே என்று மில்டன் கார்மைக்கேல் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அந்த மாதம் முடிவதற்குள் உள்ளூர் வணிகர்கள் அதற்கென ஓர் அமைப்பையே தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூர் தன் சுற்றுலா மேம்பாட்டு வாரியத்துக்குள் மாநாட்டுப் பிரிவைத் திறந்தது 1974-இல்தான்.

ஆனால் மண்டபம் அதற்கு முன்பே இருந்தது. தனிநாடாகி இரண்டே மாதம் கடந்த நிலையில், 1965 அக்டோபர் 15 அன்று ஷென்டன் வேயில் சிங்கப்பூர் மாநாட்டு மண்டபத்தைப் பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார். வெளிநாட்டு வணிகரை மனத்தில் வைத்துக் கட்டியதல்ல அது. தொழிற்சங்க இல்லமும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. அதன் பயன் வேறு வழியில் வந்தது. 1971 ஜனவரியில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் அங்கே கூடினார்கள். தென்னாப்பிரிக்காவுக்குப் பிரிட்டன் ஆயுதம் விற்பது குறித்துக் கடும் வாக்குவாதம் நடந்தது. முடிவில் வெளியான கொள்கைப் பிரகடனம் சிங்கப்பூர் பெயரையே தாங்கியது. புது நாட்டுக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைத்திருக்காது.

1978-இல் துறைமுகத்தையொட்டி உலக வர்த்தக மையமும், 1981-இல் சாங்கி விமான நிலையமும் திறக்கப்பட்டன. மாநாடு நடத்துகிறவர்களின் கணக்கில் இரண்டாவதற்கே எடை அதிகம். பல நாடுகளிலிருந்து வரும் பேராளர்களை ஒரே நாளில் கொண்டுவந்து சேர்க்க முடியாத ஊர், எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் சுற்றிலேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

1983-இல் பயணிகள் வருகை சரிந்தது. சுத்தமான, ஒழுங்கான, ஆனால் சப்பென்ற ஊர் என்ற முணுமுணுப்பை அரசாங்கம் கவனிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டே ஆய்வுக்குழு அமைந்தது. 1986-இல் 100 கோடி சிங்கப்பூர் வெள்ளியில் சுற்றுலா மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதுவரை இடித்துக்கொண்டிருந்த பழைய தெருக்களைக் காப்பாற்றுவது அதன் முக்கியப் பகுதி. தமிழர்கள் தேக்கா என்று அழைக்கும் சிராங்கூன் சாலை வட்டாரம் 1989-இல் ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. பூக்கட்டுகிறவரும் மளிகைக் கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் தம் பிழைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கக் கோப்பில் அது பயணிகளுக்கான காட்சியாகியிருந்தது.

இன்னும் வெளிப்படையான எடுத்துக்காட்டு பூகிஸ் ஸ்திரீட். திருநங்கையரும் மாலுமிகளும் நடைபாதை உணவுக் கடைகளுமாக விடிய விடியக் கலகலத்த அந்தத் தெருவை 1980-களின் நடுவில் எம்.ஆர்.டி. ரயில் பாதைக்காக இடித்தார்கள். பயணிகள் அதைக் கேட்டு வருவதைக் கண்டு, 1991-இல் சுற்றுலா வாரியத்தின் ஆதரவோடு பக்கத்திலேயே ஒரு புதிய பூகிஸ் ஸ்திரீட் எழும்பியது. கடைகள் திரும்பின, பழைய ஆட்டம் திரும்பவில்லை.

மாநாட்டுத் தொழிலோ இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1986-இல் 73 மாடி ஹோட்டலும் மாநாட்டுக் கூடமும் கடைகளும் ஒரே வளாகத்தில் அமைந்த ராஃபிள்ஸ் சிட்டி வந்தது. 1995-இல் ஹாங்காங் செல்வந்தர்களின் முதலீட்டில் சன்டெக் சிட்டி மாநாட்டு மையம். மறு ஆண்டு டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர்நிலை மாநாடு அங்கேதான் நடந்தது.

2006-இல் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அதே சன்டெக்கில் கூடியபோது, இந்த ஊரின் இன்னொரு முகம் தெரிந்தது. கூட்டத்தில் பங்கேற்க முறைப்படி அனுமதி பெற்றிருந்த ஆர்வலர்கள் சிலரையே சிங்கப்பூர் உள்ளே விட மறுத்தது. உலக வங்கித் தலைவர் பால் வுல்ஃபோவிட்ஸ் பகிரங்கமாகக் கண்டித்த பிறகு பலருக்குக் கதவு திறந்தது. எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பியவர்களுக்குக் கட்டடத்துக்குள் ஒரு சிறு இடம் ஒதுக்கப்பட்டது. மாநாட்டு அமைப்பாளர்கள் பலருக்கு அரசாங்கத்தின் இந்தக் கண்டிப்பு குறையாகப் படாது, அமைதிக்கான உத்தரவாதமாகவே படும். வாய்விட்டுச் சொல்லத்தான் தயங்குவார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் சூதாட்டக் கூடத்துக்கு அரசாங்கம் இசைவு தந்திருந்தது. எதிர்ப்பு வலுவாக இருந்தது. அந்தக் கூடத்துக்கென ஒதுக்கிய மரினா பே இடத்துக்கு நடந்த போட்டியில் லாஸ் வேகஸ் சாண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வென்றதற்கு முக்கியக் காரணம் அதன் மாநாட்டு அனுபவம். அதன் தலைவர் ஷெல்டன் அடெல்சன் சூதாட்டத் தொழிலில் வளர்ந்தவரல்லர். 1979-இல் லாஸ் வேகஸில் காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சியைத் தொடங்கி முன்னுக்கு வந்தவர். வார இறுதியில் சூதாடிகள் நிரப்பும் ஹோட்டல் அறைகளை வார நாட்களில் மாநாட்டுக்காரர்களைக் கொண்டு நிரப்பலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அறை வாடகையைக் கம்பெனி கொடுக்கிறது. முன்பதிவோ பல மாதங்களுக்கு, சில வேளை ஆண்டுகளுக்கு முன்பே நடக்கிறது. 2010-இல் திறக்கப்பட்ட மரினா பே சாண்ட்ஸில் சூதாட்டத் தளத்துக்கு விதித்த உச்சவரம்பு 15,000 சதுர மீட்டர். மாநாட்டு, கண்காட்சி மையத்தின் பரப்பு சுமார் 1,20,000 சதுர மீட்டர்.

பரப்பை வைத்துப் பார்த்தால் அது மாநாட்டு வளாகம். வருமானத்தை வைத்துப் பார்த்தால் சூதாட்டக் கூடம்தான் முந்தும். ஊரின் ‘துடிப்பு’ என்று விளம்பரங்கள் காட்டும் கூரை நீச்சல் குளமும் இரவு வெளிச்சமும் பேராளர் தங்கும் அந்த வளாகத்தின் உறுப்புகளே. சிங்கப்பூரில் துடிப்பான நகரம் மாநாட்டை ஈர்த்தது என்பதைவிட, மாநாட்டுக்கு வேண்டிய துடிப்பை அரசாங்கமும் முதலாளிகளும் சேர்ந்து கட்டிக்கொடுத்தார்கள் என்பதே சரி. 2019 ஏப்ரலில் அதே வளாகத்துக்கு நான்காவது கோபுரம், 15,000 இருக்கை அரங்கம், கூடுதல் மாநாட்டு இடம் ஆகியவற்றுக்கு ஒப்பந்தமானது. அதோடு சேர்த்து, சூதாட்டக் கூடத்துக்குள் நுழையச் சிங்கப்பூரர்கள் கட்டும் ஒரு நாள் கட்டணம் 100 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. வெளிநாட்டுப் பேராளர்களுக்கு அந்தக் கட்டணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.