உள்ளக்குறையை உரைத்தோர்

துன்பத்தை வாய்விட்டுரையாமல் அடக்கிக்கொள்வதே ஆண்மை என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று என்பதற்குக் கிள்ளான் தோட்டங்களின் சரித்திரமே சான்று பகரும்.

1941-ஆம் ஆண்டு முற்பகுதியில் அத்தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்க்குத் துணைநின்றது. சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி, பிள்ளைகட்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றுங் கேட்டனர்.

இக்கடைசிக் கோரிக்கையால் கூலியில் ஒரு காசும் ஏறாது. ஆயினும், நெடுங்காலம் நெஞ்சில் அடக்கிய அவமானத்தை அவர்கள் நாணாது வெளியிட்டது இதிலேதான். சொல்லியபின் ஒருவன் துயரம் ஊரார் துயரமாயிற்று. துயரம் பொதுவாகவே துணிவும் பிறந்தது.

கொடிய உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் கற்றோரை அமர்த்துக என்பதும் அவர்தங் கோரிக்கையே. ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தோட்டத்திற் கிராணியாயிருக்கும் நாம் இதனைப் படிக்குந்தோறும் தலைகுனிகின்றோம். துரைக்கு அடங்கிய நம்மனையோர், அவ்வடக்கத்தின் கசப்பைத் தொழிலாளர்மீதன்றோ உமிழ்ந்தனர்!

மே மாதத்தில் நாதன் கைதாகி, பின் நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது. பட்டாளத்தின் குண்டுக்குத் தொழிலாளர் சிலர் இரையாயினர். போராட்டம் ஒடுக்கப்பட்டது. எனினும் சொல்லிய சொல் மீளவில்லை. யுத்தத்திற்குப் பின் சங்கங்கள் பல எழுந்தன. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோன்றியது.

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை வாழும் அன்பர்களே! மனைவியிடமும் நண்பரிடமுங்கூட மனக்குறையை மறைத்து, அதனைக் குடியிற் கரைப்பதோ ஆண்மை? உள்ளதை உள்ளபடி உரைப்போம்; பிறர் உரைக்கும்போது செவிசாய்ப்போம். கிராணிமாராகிய நமக்குப் பின்னதே முதற்கடமை.